டிமாய்னுக்குக் குடிபெயர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயோவா மாநிலத்தின் தலைநகரான டிமாய்னுக்கு வேலையின் பொருட்டு வரும் தமிழ்க் குடும்பங்கள், பெட்டி கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேராக வருபவர்கள் கேட்டவையும், நியூ ஜெர்சி, டெக்சாஸ் போன்ற இடங்களிலிருந்து மாறி வருபவர்கள் கேட்டவையும் இங்கே கலந்திருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஆஃபர் லெட்டர் வந்தபிறகுதான் இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியும். அது நகரமா, சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு கிராமமா?

நகரம்தான். டிமாய்ன் ஆறும் ரக்கூன் ஆறும் கூடும் இடத்தில் அமைந்த இவ்வூர் 1857 முதல் மாநிலத் தலைநகராக இருந்துவருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் சுமார் 2,14,000 பேர் வசித்தார்கள். வெஸ்ட் டிமாய்ன், வாக்கி, கிளைவ், அர்பன்டேல், ஜான்ஸ்டன், ஆங்கெனி ஆகிய புறநகர்களையும் சேர்த்தால் 7 லட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்த 7 லட்சம் பேரும் மிகப் பரந்த நிலத்தில் சிதறி வாழ்வதால், நம் ஊர்க் கூட்டத்தில் பழகிய கண்ணுக்கு முதல் சில வாரங்கள் ஊரே வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றும்.

மக்காச்சோளக்காடு என்பதும் பொய்யன்று. வாக்கியின் மேற்கு ஓரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகள் சிலவற்றின் பின்வேலியை அடுத்து வயல்தான் தொடங்குகிறது. ஜூலையில் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து நிற்கும் பயிர், அக்டோபரில் அறுவடை முடிந்ததும் ஒரே நாளில் அடிவானம்வரை காலியாகிவிடும். காரில் சென்றால் ஓமஹா இரண்டு மணி நேரம், கன்சாஸ் சிட்டி மூன்று, மினியாபொலிஸ் மூன்றரை, சிகாகோ ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கின்றன.

அவ்வளவு சின்ன ஊரில் ஐடி வேலை எப்படிக் கிடைக்கிறது? கம்பெனி கைவிட்டால் வேறு வேலை உண்டா?

இது இன்சூரன்ஸ் ஊர். பிரின்சிபல் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருக்கிறது. நேஷன்வைடு, இஎம்சி, அத்தீன் போன்றவையும், வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் பெரிய அலுவலகங்களும் உண்டு. ஜான்ஸ்டனில் விதை நிறுவனமான பயனீர், ஆங்கெனியில் ஜான் டியர் தொழிற்சாலை, வெஸ்ட் டிமாய்னில் ஹை-வீ பல்பொருள் அங்காடியின் தலைமையகம் ஆகியவற்றிலும் நம்மவர்கள் வேலை செய்கிறார்கள். நிதி, காப்பீடு, வேளாண்மை ஆகிய மூன்றில் ஒன்றைச் சார்ந்த அனுபவம் இருந்தால் இந்த ஊர் ஒருவரைச் சுலபமாகக் கைவிடாது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். முதலாளிகளின் எண்ணிக்கை குறைவு. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்தால், அதே திறன் உள்ளவர்கள் அனைவரும் மீதமுள்ள சில இடங்களுக்கே விண்ணப்பிக்க நேரும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்து வேலையிழந்தவருக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பதால், வரும் நாளிலிருந்தே பிற நிறுவனங்களில் இருப்பவர்களோடும் பழகி வைப்பது நல்லது.

நான் ஏற்கெனவே டல்லாஸில் எச்-1பியில் இருக்கிறேன். கம்பெனி அதேதான், கிளையன்ட் மட்டும் மாறுகிறது. பேசாமல் கிளம்பி வந்துவிடலாமா?

கூடாது. வேலை செய்யும் இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், புதிய இடத்தில் வேலை தொடங்கும் முன்பே உங்கள் நிறுவனம் திருத்த மனு தாக்கல் செய்தாகவேண்டும். குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 2015-இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு இதில் ஐயத்துக்கே இடமில்லை. மனு தாக்கலானதும் வேலை தொடங்கலாம், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலாளர் அவசரப்படுத்தினாலும், தாக்கலானதற்கான ரசீது எண்ணைக் கையில் வாங்காமல் லாரியில் சாமான் ஏற்றாதீர்கள். குடியேறிய 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைக் குடிவரவுத் துறைக்கு இணையம் வழியாகத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு, நிறுவனத்தின் பொறுப்பு அன்று.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? எல்லோரும் வாக்கி, வாக்கி என்கிறார்களே?

நம்மவர்கள் அதிகம் வசிப்பது மேற்குப் புறநகர்களில். வெஸ்ட் டிமாய்ன், கிளைவ், வாக்கி மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியவை. இந்தியக் கடைகளும் பள்ளிகளும் புதிய அப்பார்ட்மென்ட்களும் அங்கேதான் நிறைய உள்ளன. அலுவலகம் ஜான்ஸ்டனிலோ ஆங்கெனியிலோ இருந்தால் அங்கேயே இருப்பது மேல். நகரத்தின் குறுக்கே செல்லும் 235-ஆம் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று இவ்வூரார் அலுத்துக்கொள்வது, சென்னையில் இருந்தவருக்கு நெரிசலாகவே தெரியாது. ஆயினும் பனி நாள்களில் அந்த இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகலாம்.

பள்ளிக்காக வீடு பார்ப்பவர்கள் ஊர்ப் பெயரை நம்பவே கூடாது. வெஸ்ட் டிமாய்ன் என்று முகவரி இருக்கும் வீடுகளில் ஒரு பகுதி வாக்கி பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது, கிளைவிலும் அப்படியே. கையெழுத்திடும் முன் அந்தக் குறிப்பிட்ட முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் தொகையாக இரண்டு மாத வாடகைக்குமேல் கேட்க அயோவா சட்டம் அனுமதிப்பதில்லை. காலி செய்து புதிய முகவரியையும் எழுதிக் கொடுத்தபின் 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தரவோ, பிடித்த தொகைக்குக் காரணத்தை எழுத்தில் தரவோ வேண்டும்.

முதல் ஆறு மாதம் கார் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

நகர மையத்திலேயே குடியிருந்து அங்கேயே வேலையும் பார்க்கும் தனி ஆளுக்கு முடியும். அங்கே கட்டடங்களை முதல் மாடி உயரத்தில் இணைக்கும் மூடிய நடைபாலங்கள் சுமார் 4 மைல் நீளத்துக்கு ஓடுகின்றன. ஸ்கைவாக் எனப்படும் அவற்றின் வழியாக ஜனவரியிலும் கோட்டு இல்லாமல் அலுவலகம் போகலாம். புறநகரில் குடும்பத்தோடு இருப்பவருக்கு முடியவே முடியாது. டார்ட் என்ற பேருந்துச் சேவை உண்டு, ஆனால் புறநகர்களில் அதை நம்பி ஒரு குடும்பம் நாள் கடத்த இயலாது.

ஒரு கார் போதுமா என்பது அடுத்து வரும் கேள்வி. வீட்டில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குத்தான் இரண்டாவது கார் உண்மையில் தேவை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைத் துணைவர் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

குளிர் தாங்க முடியுமா? குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஜனவரியில் பகல் வெப்பநிலை சராசரியாக 0 டிகிரி செல்சியஸை ஒட்டியும், இரவில் மைனஸ் 10-ஐ ஒட்டியும் இருக்கும். சராசரிக்கும் கீழே இறங்கும் நாள்கள்தான் சோதனை. 2024 ஜனவரி 15 அன்று அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் குடியரசுக் கட்சியினர் கூடும் காக்கஸ் வாக்கெடுப்பு நடந்த நாளில் காலை வெப்பநிலை மைனஸ் 20-க்கும் கீழே இருந்தது. அத்தகைய நாள்களில் வானிலை அறிக்கையில் காற்றுக் குளிர், அதாவது காற்று வீசுவதால் உடல் உணரும் குளிர், என்ற இரண்டாவது எண்ணையே பாருங்கள். அது மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகும். பள்ளிகளைத் தாமதமாகத் திறப்பதும் மூடுவதும் இதை வைத்துத்தான்.

குழந்தைகள் நம்மைவிட விரைவில் பழகிவிடுகிறார்கள். மைனஸ் 5 டிகிரியில்கூடப் பள்ளியில் இடைவேளைக்கு வெளியே விளையாட அனுப்புவார்கள் என்பதால், பனிக் காலுறை, நீர்புகாப் பனிக் காற்சட்டை, விரல் பிரிவில்லாத கையுறை, பூட்ஸ் ஆகியவற்றைப் பெயர் எழுதிப் பையில் வைக்கவேண்டும். ஊரிலிருந்து கம்பளிச் சட்டை வாங்கி வராதீர்கள். பருத்தி உள்ளாடையின் மேல் தடித்த ஒரு ஸ்வெட்டர் போடுவதைவிட, மெல்லிய மூன்று அடுக்குகளும் காற்றுப் புகாத மேலங்கியும் நன்றாகக் காக்கும். பெரியவர்களை வாட்டுவது குளிரைவிட இருட்டுதான். டிசம்பரில் சூரியன் மாலை நாலே முக்காலுக்கே மறைந்துவிடுகிறது.

பனியில் கார் ஓட்டியதே இல்லை. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே. முதல் பனி விழுந்ததும் ஒரு ஞாயிறு காலையில் காலியான வண்டி நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போய், மெதுவாக ஓட்டி, வேண்டுமென்றே பிரேக்கை மிதித்துக் கார் எப்படி வழுக்குகிறது என்பதைக் காலால் உணர்ந்து பாருங்கள். குவிந்த பனியைவிட ஆபத்தானது, தார்ச்சாலையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஐஸ். அது முதலில் உருவாவது பாலங்களின் மேல்தான். முன்னால் செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கத்தைப்போல மூன்று மடங்கு இடைவெளி விடுங்கள்.

பெட்ரோல் எப்போதும் பாதிக்குக் கீழே போகக்கூடாது. கண்ணாடி கழுவும் நீர் குளிர்கால வகையாக இருக்கவேண்டும். டிக்கியில் போர்வை, சிறு மண்வாரி, பேட்டரிக்கு இணைப்புக் கம்பி மூன்றும் கிடக்கட்டும். பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் தெருவோரம் வண்டி நிறுத்தத் தடை போடுவார்கள். மீறினால் அபராதத்தோடு வண்டியை இழுத்துச் சென்றுவிடுவார்கள். இவை எல்லாம் தெரிந்தும் சாலை நிலவரம் மோசமாக இருந்தால், வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேலாளருக்கு எழுதிவிடுங்கள். இவ்வூரில் பிறந்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

டொர்னாடோ வருமாமே? சைரன் அடித்தால் என்ன செய்வது?

வரும். 2022 மார்ச் 5 அன்று தென்மேற்கே உள்ள வின்டர்செட் பகுதியிலும், 2024 மே 21 அன்று கிரீன்ஃபீல்டிலும் சூறாவளி உயிர்களைப் பறித்தது. வீட்டில் பேஸ்மென்ட் இருந்தால் அங்கே இறங்குங்கள். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத குளியலறை அல்லது நடைக்கூடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்கவேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் இதற்காக முன்பே பேசி வைப்பதில் தவறில்லை. வெளியே இருப்பவர்களை எச்சரிப்பதற்காகவே சைரன் அமைக்கப்பட்டுள்ளது, வீட்டுக்குள் தூங்குபவருக்கு அது கேட்காமல் போகலாம். ஆகவே கைப்பேசியின் அவசர எச்சரிக்கையை அணைக்காதீர்கள். மாதந்தோறும் சோதனைக்காகவும் ஒலிப்பார்கள் என்பதால், தெளிந்த வானத்தில் திடீரென்று சைரன் கேட்டு நடுங்கவேண்டாம்.

சூறாவளியைவிடப் பரந்த சேதம் செய்தது 2020 ஆகஸ்ட் 10 அன்று மாநிலத்தையே குறுக்காகக் கடந்த டெரேச்சோ என்ற நேர்கோட்டுப் புயல். பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீர், டார்ச், மின்னேற்றிய பவர் பேங்க், அடுப்பில்லாமல் உண்ணக்கூடிய உணவு ஆகியவை மே முதல் செப்டம்பர்வரை வீட்டில் இருக்கட்டும்.

நம்ம ஊர் மளிகை கிடைக்குமா? இட்லி மாவு பொங்குமா?

கிடைக்கும். மேற்குப் புறநகர்களின் இந்தியக் கடைகளில் இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் உண்டு. வரத்து எந்த நாள் என்று கடைக்காரரிடம் கேட்டு அன்று போனால் வெண்டைக்காய் முற்றாமல் கிடைக்கும். ஆளுநர் ராபர்ட் ரே 1975-இல் தாய் டாம் என்ற தென்கிழக்காசிய இன அகதிகளைக் குழுவாக வரவேற்றுக் குடியமர்த்திய மாநிலம் இது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த தென்கிழக்காசியக் கடைகளில் மீன் வகைகளும் கீரைகளும் நன்றாக இருக்கும். மே முதல் அக்டோபர்வரை சனிக்கிழமைகளில் நகர மையத்தின் கோர்ட் அவென்யூவில் கூடும் உழவர் சந்தைக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

குளிர்காலத்தில் மாவைச் சமையல் மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் அசையாது. ஓவனை மூட்டாமல், அதன் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ஒரு தட்டின் மேல் வைத்து உள்ளே விட்டுவிடுங்கள். அந்த விளக்கின் சூட்டிலேயே காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருக்கும். வீட்டில் இருப்பவர் தெரியாமல் ஓவனை மூட்டிவிடாதபடி கதவில் ஒரு சீட்டு ஒட்டுவது அவசியம்.

செலவு குறைவு என்கிறார்கள். உண்மையில் மிச்சம் பிடிக்க முடியுமா?

கடற்கரை நகரங்களோடு ஒப்பிட்டால் வாடகையில்தான் பெரிய வேறுபாடு தெரியும். 2025 முதல் மாநில வருமான வரி அனைவருக்கும் ஒரே விகிதமாக 3.8 சதவீதம், டெக்சாஸிலிருந்து வருபவர்கள் அங்கே இல்லாத இந்த வரியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். டிமாய்னில் விற்பனை வரி 7 சதவீதம், சமைக்க வாங்கும் உணவுப் பொருள்களுக்கு அது இல்லை. குளிர்கால எரிவாயுக் கட்டணம், இரண்டாவது கார், ஆண்டுதோறும் ஊருக்குப் போகும் விமானச் செலவு ஆகிய மூன்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் மிச்சம் இருக்கும்.

பிள்ளைக்கு ஐந்து வயது செப்டம்பர் இறுதியில்தான் முடிகிறது. கிண்டர்கார்டனில் சேர்ப்பார்களா?

அயோவாவில் செப்டம்பர் 15-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்கவேண்டும். அவ்வாண்டு கிண்டர்கார்டன் கிடைக்காது, ஆனால் நான்கு வயதினருக்கு மாநில அரசின் செலவில் நடக்கும் முன்பள்ளித் திட்டத்தில் இடம் கேட்கலாம். பள்ளிகள் ஆகஸ்ட் 23-க்கு முன் திறப்பதில்லை. தடுப்பூசிச் சான்றிதழும், பெயரும் முகவரியும் உள்ள வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றும் சேர்க்கையின்போது கேட்பார்கள்.

அக்கா, என் மனைவி அங்கே ஆசிரியையாக இருந்தாள். எச்-4 விசாவில் வருகிறாள். வீட்டில் தனியாக என்ன செய்வாள்?

எச்-4 என்பது எச்-1பி ஊழியரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதே என் கவலை. வேலைக்கு வரும் கணவருக்கு முதல் நாளே அலுவலகமும் சக ஊழியர்களும் கிடைத்துவிடுகிறார்கள். நவம்பரில் வந்திறங்கும் மனைவிக்குக் கிடைப்பது, வெளியே நடக்க முடியாத தெருவும், காலை எட்டு மணிக்குக் காரோடு போய்விடும் கணவரும், மாலை ஐந்து மணிக்குள் சூழும் இருட்டும்தான். அம்மாவிடம் பேசலாம் என்றாலும், இங்கே பிற்பகல் இரண்டு மணி ஆகும்போது ஊரில் நள்ளிரவு தாண்டிவிடும். ஊரில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஒருவர் நாள் முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பது என்னவென்பதைக் கணவர்கள் தாமாக உணர்வதில்லை. மனைவியின் வேலைக்காகத் துணையாக வரும் கணவர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

செய்யவேண்டியது இது. முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் குடும்பத்தை அழைத்து வாருங்கள். குளிர் வருமுன் ஆறு மாதம் ஊரைப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். வந்தவுடன் இருவருமே ஓட்டுநர் உரிமம் பெறுங்கள். எழுத்துத் தேர்வுக்குக் கணவர் படிக்கும் அதே வாரத்தில் மனைவியும் படிக்கட்டும். முன்னர் குறிப்பிட்ட இரண்டாவது கார் இதற்காகத்தான். நடக்கும் தூரத்தில் நூலகமோ பூங்காவோ இருக்கும் அப்பார்ட்மென்டுக்கு மாதம் நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் அது வீண் செலவன்று.

எச்-4 விசாவில் உள்ளவர் படிக்கத் தனி அனுமதி தேவையில்லை. டிமாக் எனப்படும் சமுதாயக் கல்லூரியில் பகுதிநேர வகுப்புகளில் சேரலாம். துணைவரின் ஐ-140, அதாவது அவருடைய கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் மனு, ஏற்கப்பட்டபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே ஐ-140-ஐ எப்போது தொடங்குவார்கள் என்பதைச் சம்பளத்தோடு சேர்த்தே நிறுவனத்திடம் பேசி முடிவு செய்யுங்கள். நான்காவது மாதத்திலும் அவர் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, சமைக்கவும் எழவில்லை என்றால் அதைச் சோம்பல் என்றோ வீட்டு நினைப்பு என்றோ தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா? கோயில் உண்டா?

இருக்கிறார்கள். பொங்கலும் தீபாவளியும் பள்ளி அரங்குகளில் கூடிக் கொண்டாடும் அளவுக்கு இருக்கிறார்கள், எதிர்ப்பட்டவரெல்லாம் தமிழராக இருக்கும் அளவுக்கு இல்லை. அயோவாவின் இந்துக் கோயில் நகருக்கு வடக்கே மேட்ரிட் என்ற சிற்றூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பயணம். கோயிலுக்குப் போன கையோடு, அதே ஊர்ப் பக்கம் டிமாய்ன் ஆற்றின் மேல் சுமார் 130 அடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் செல்லும் ஹை டிரெசல் நடைபாலத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

வெள்ளைக்காரர்கள்தான் அதிகம். நம்மை எப்படி நடத்துவார்கள்?

பொதுவாக மரியாதையாகவும் அன்பாகவும் நடத்துவார்கள். பனி விழுந்த காலையில் தன் வாசலைத் தள்ளி முடித்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே உங்கள் வாசலையும் தள்ளிவிட்டுப் போவது இங்கே சாதாரணம். அந்த அன்பு வீட்டுக்குள் அழைக்கும் நட்பாக மாற நாளாகும், ஏனெனில் அவர்களில் பலருக்குப் பள்ளித் தோழர்களும் உறவினர்களும் இதே ஊரிலேயே இருக்கிறார்கள். முதல் அடியை நாம்தான் எடுத்து வைக்கவேண்டும். ஹாலோவீன் அன்று வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள். இவ்வூர்ப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கும் முன் ஒரு நகைச்சுவைத் துணுக்குச் சொல்வது வழக்கம், அதைக் கேட்டுச் சிரித்தாலே தெருவில் பாதிப் பேர் அறிமுகமாகிவிடுவார்கள்.

அப்பா அம்மாவை எப்போது வரவழைப்பது? நேரடி விமானம் இல்லையே?

மே முதல் செப்டம்பர்வரை. சென்னையிலிருந்து டிமாய்ன்வரை குறைந்தது இரண்டு இடங்களில் விமானம் மாறவேண்டும். முதியவர்களுக்குக் கடினமானது அமெரிக்காவில் நடக்கும் கடைசி மாற்றம்தான். அதனால் பலர் பெற்றோரைச் சிகாகோவரை மட்டும் வரச்செய்து காரில் போய் அழைத்துவருகிறார்கள். பனிக்காலத்தில் அந்த ஐந்து மணி நேரப் பயணத்தை நம்ப முடியாது. கடவுச்சீட்டு முதலிய இந்தியத் தூதரக வேலைகளுக்கும் நமக்குச் சிகாகோ தூதரகமே பொறுப்பு.

குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறதாமே? கொதிக்க வைத்தால் போதுமா?

போதாது. நம் வழக்கத்தால் ஆபத்து வரக்கூடிய இடம் இது. வயல்களில் இருந்து வழியும் நைட்ரேட் இரண்டு ஆறுகளிலும் கலக்கிறது. 2025 ஜூனில் அளவு கூடியபோது புல்வெளிக்குத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டாதபடி சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்குபவர்கள் ஆர்.ஓ. வடிகட்டிய நீரைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

வாடகை கட்டுவதற்குப் பதில் வீடே வாங்கிவிடலாமா?

முதல் குளிர்காலம் முடியும் முன் வேண்டாம். பிறகு வாங்குவதானால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சொத்து வரி செப்டம்பரிலும் மார்ச்சிலும் இரு தவணைகளாக வரும், அது சிறு தொகையன்று. ஆலங்கட்டி மழையால் கூரைகள் பழுதாவதால் வீட்டு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறிவருகிறது. கூரை எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பேஸ்மென்ட்டில் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். அயோவாவின் 99 கவுன்டிகளும் ரேடான் வாயு அதிகமுள்ள மண்டலமாக வகைப்படுத்தப்பட்டவை. மண்ணிலிருந்து பேஸ்மென்ட் வழியாக வீட்டுக்குள் ஏறும் இக்கதிரியக்க வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை, நாள்பட நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். வாங்கும் முன் சோதனை செய்து, லிட்டருக்கு 4 பைக்கோகியூரிக்கு மேல் இருந்தால் வாயுவை வெளியேற்றும் குழாயை விற்பவரின் செலவிலேயே பொருத்தித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

கிரீன் கார்டு வரும்வரை இங்கேயே இருப்பதா, இரண்டு வருடத்தில் டல்லாஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ போய்விடுவதா?

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை மிக நீளமானது. அதை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகள் காத்திருப்பிலேயே போய்விடும். ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டால் பொதுவாக வேறு நிறுவனத்துக்குப் போனாலும் வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பழைய முன்னுரிமைத் தேதி உங்களோடு வரும், 180 நாள் கடந்துவிட்டால் பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாக அந்த ஒப்புதல் ரத்தாகாது என்பதால், அந்த நாள்வரை பொறுத்திருந்து பிறகு முடிவெடுப்பதே அறிவுடைமை.

என் அளவில், சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்த ஊரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும் தகப்பன், பதினைந்து நிமிடத்தில் எட்டக்கூடிய நீச்சல் வகுப்பு, பெயர் சொல்லி அழைக்கும் நூலகர் ஆகியவை பெரிய நகரங்களில் எளிதில் கிடைப்பதில்லை. பரதநாட்டியம், கர்நாடக இசை, தமிழ் நண்பர் வட்டம் ஆகியவற்றில் பரந்த தேர்வு வேண்டும் என்பவர்களுக்கும், எச்-4 துணைவர் மேலே சொன்ன முயற்சிகளுக்குப் பிறகும் இரண்டாவது குளிர்காலத்தில் வாடிப்போயிருக்கும் குடும்பங்களுக்கும் மாறிச் செல்வதே சரி. மாறுவதானால் மூத்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நுழையும் முன் மாறுங்கள், அதற்குப்பின் மதிப்பெண்களும் பாடத் தேர்வுகளும் கல்லூரிச் சேர்க்கையில் கணக்கிடப்படும். வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கு 60 நாள் முன்னறிவிப்புக் கேட்டிருக்கிறார்களா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.